இடைவேளை இல்லாத கல்யாணம்

ரத்தினம்மா அத்தைக்குப் பேயும் பாம்பும் ஒரு பொருட்டே இல்லை. அவருக்கு மண்ணைக் கண்டால்தான் பயம். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயன் வீடுகளுக்குப் பின்னால் உயரமாக ஒரு மண்மேடு நின்றது. வெயில் காலத்தில் நாங்கள் அத்தையைக் கேலி செய்வோம். மழை பிடித்துவிட்டால் எங்களுக்கும் வாய் அடைத்துவிடும்.

அத்தையின் பயத்துக்குக் காரணம் இருந்தது. கணவர் வீரய்யா மாமாவுக்குப் பாரிசவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. மேடு சரிந்தால் நாங்கள் எழுந்து ஓடலாம், அவரால் முடியாது. அவர் படுத்திருந்த பின்னறைச் சுவருக்கும் மேட்டுக்கும் நடுவே ஒரு ஆள் நடக்கத்தான் இடம். பார்க்க வந்த அதிகாரி, அவதானமாக இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கே போய் அவதானமாக இருப்பது என்று அந்த மகராசன் சொல்லவில்லை.

இத்தனை பயத்திலும் அத்தைக்கு டிவியில் ஏழு மணி நாடகம் வேண்டும். பகல் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு வருபவருக்கு வேறு என்ன இருக்கிறது? பயத்தையும் நாடகத்தையும் ஒரே வீட்டில் வைத்துக்கொள்ள அவருக்கு விளம்பரம் உதவியது. சவர்க்கார விளம்பரப் பாட்டு தொடங்கியதும் எழுந்துவிடுவார். மாமாவைப் புரட்டிப் படுக்க வைப்பார், தண்ணீர் கொடுப்பார், பின்கதவைத் திறந்து மேட்டுக்கு டோர்ச் அடித்துப் பார்ப்பார். பால்மா விளம்பரம் முடிவதற்குள் கதிரைக்குத் திரும்பி உட்கார்ந்துவிடுவார்.

எனக்கோ விளம்பரம் என்றாலே எரிச்சல். கதாநாயகி கதவில் கை வைப்பாள், உடனே பற்பசை வந்து பல்லைக் காட்டும். நான் திட்டும்போதெல்லாம் அத்தை, "திட்டாத சர்மிளா, அது இல்லாட்டி நான் எப்ப எந்திரிக்கிறது?" என்பார்.

வீட்டில் ஒரு சட்டமும் இருந்தது. முன்பு ஒருநாள் மாமா கூப்பிட்டாரென்று அத்தை எழுந்து போக, கொலைகாரன் யாரென்று தெரியும் காட்சி போயே போய்விட்டது. "நாடகம் ஓடுறப்ப கூப்பிடாதீங்க, விளம்பரத்துலதான் வருவேன்ல" என்றார் அத்தை. மாமா வாதாடுகிற ஆள் இல்லை. அன்றிலிருந்து விளம்பரப் பாட்டு காதில் விழுந்த பிறகுதான் குரல் கொடுப்பார்.

போன நவம்பரில் விடாத அடைமழை. கரண்டும் இல்லை. மாமாவின் கட்டிலை முன்னறைக்கு இழுத்துப் போட்டுவிட்டு அத்தை உட்கார்ந்தபடியே இருந்தார். பிறகு ஒரு பின்னேரம் மழை விட்டது, கரண்டும் வந்தது. அன்றைக்குத்தான் நாடகத்தில் கல்யாணம். ஒரு மணி நேரம், விளம்பர இடைவேளையே கிடையாது என்று முந்தைய வாரமே சொல்லியிருந்தார்கள். பாதி லயன் அத்தை வீட்டில் கூடிவிட்டது. உட்கார இடமில்லை. "மழைதான் விட்டுருச்சே, என்னைய உள்ளயே போடுங்க" என்று மாமாவே சொன்னார். கட்டில் பின்னறைக்குப் போனது.

கல்யாணம் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் அத்தை பாதி எழுந்து எழுந்து உட்கார்ந்தார். "இந்தக் கட்டம் முடியட்டும்" என்று முணுமுணுத்தார். அந்தக் கட்டம் முடியாமல் அடுத்ததில் போய்ச் சேர்ந்தது. தாலி கட்டுகிற நேரம் கரண்ட் போனது.

எல்லோரும் சலித்துக்கொண்டோம். டிவி சத்தமும் நின்றுபோயிருந்தது. பின்பக்கம் யாரோ தகரத்தில் அரிசி கொட்டுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. நிற்காமல் கேட்டது.

அத்தை கத்தவில்லை, ஓடினார். நான் போன் வெளிச்சத்தோடு பின்னால் போனேன். பின்கதவுக்கு அடியில் சேறு வந்துகொண்டிருந்தது. சுவர் உள்பக்கம் வயிறு தள்ளி நின்றது. மாமாவின் போர்வை முழுக்க மண். கண்ணை அகல விழித்தபடி கிடந்தார். நான் அறை வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த கறுப்பையா அண்ணன் என்னைத் தள்ளிவிட்டு உள்ளே பாய்ந்தார். கட்டிலோடு மாமாவை வெளியே இழுத்து வாசலைத் தாண்டவும் பின்சுவர் விழவும் சரியாக இருந்தது. லயனில் எல்லோரையும் கத்திக் கூப்பிட்டு மேட்டை விட்டு ஓடினோம். யாருக்கும் உயிர் போகவில்லை.

கோயில் மண்டபத்தில் அத்தை மாமாவின் முகத்தைச் சேலையால் துடைத்தார்.

"மண்ணு விழுற சத்தம் ஒங்களுக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சு."

"எப்பருந்து?"

"ரொம்ப நேரமா."

"ஒரு கொரல் குடுத்தா என்னங்க?"

மாமா எங்கள் முகங்களை எல்லாம் பார்த்தார். இன்றைக்கு இடைவேளை இல்லை என்று அவரிடம் யாருமே சொல்லியிருக்கவில்லை.

"விளம்பரம் வரட்டும்னு இருந்தேன்" என்றார்.

இப்போது அவர்கள் அம்பிட்டியவில் ஒரு வாடகை அறையில் இருக்கிறார்கள். அங்கே மேடு கிடையாது. கட்டில் அத்தையின் கதிரைக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. ஆனாலும் நாடகம் தொடங்கினால் மாமா வாய் திறப்பதில்லை, பழக்கம் விடவில்லை. அத்தை எவ்வளவோ கெஞ்சிப் பார்த்துவிட்டார். அதனால் ஏழு மணிக்கு டிவியைப் போட்டதும் சத்தத்தை அடியோடு குறைத்துவிடுகிறார். வாயசைவை மட்டும் பார்த்துக்கொண்டு, மாமா மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.