ஒரு மணி நேரப் பிழையும் சாந்தினியும்

சாந்தினி இறந்த செய்தி வந்தபோது நான் நியூசிலாந்தில், ஒனிஹங்கா நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருந்தேன். மருத்துவமனையிலிருந்து அவருடைய மகள் போனில் ஆங்கிலத்தில் ஒரே வரியில் சொன்னாள். அந்த ரயிலை விட்டேன், அடுத்ததையும் விட்டேன். அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. கேட்க வேண்டிய கேள்விகள் இவ்வளவு கிடக்க, இப்போதா போவது?

மவுண்ட் ஆல்பர்ட்டில் அவர் வீட்டு கராஜிலிருந்து நாங்கள் இருவரும் நடத்திய இணைய வானொலியை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். இலங்கையில் எங்காவது துப்பாக்கிச் சூடு நடந்து, கூட்டம்தான் முதலில் தாக்கியது என்று அரச அறிக்கை வந்துவிட்டால் சாந்தினியைப் பிடித்து நிறுத்த முடியாது. பகலில் மருந்துக் கடை வேலை. மாலையில் சாட்சி சாட்சியாகத் தொலைபேசி அழைப்பு. "நீங்கள் கண்டதை மட்டும் சொல்லுங்கோ. கேள்விப்பட்டதைப் பிறகு கதைப்பம்" என்பார். மதுரைக்காரனான நான் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுப்பேன்.

ஒருமுறை அங்கே சாலை மறியலில் நான்கு பேர் சுடப்பட்டு இறந்தார்கள். அவர்களில் ஒருவர், இங்கே பாபகூராவில் வசிக்கும் மாலதியின் தம்பி. பதினொன்றரை மணிக்குக் கூட்டம் கல்லெறிந்ததால் சுட்டோம் என்றது அறிக்கை. எங்களுக்கோ ஒருவர் எடுத்த கையோடு அனுப்பிய காணொளி கிடைத்தது. அதில் மாலதியின் தம்பி உயிரோடு, அமைதியாக உட்கார்ந்திருந்தான். அது இங்கே வந்து சேர்ந்த நேரத்திலிருந்து ஆறரை மணி நேரத்தைக் கழித்தேன். அங்கே பன்னிரண்டு பத்து! பொய் பிடிபட்டது என்று முழங்கினோம். மாலதி போனில் அழுதுகொண்டே சிரித்தார்.

இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அந்த வாரம்தான் நியூசிலாந்தில் கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியிருந்தார்கள். கழிக்க வேண்டியது ஏழரை. காணொளி எடுத்தது பதினொன்று பத்துக்கு. அதற்குப் பிறகு கல்லெறிந்தார்கள் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம்.

"விடுங்க சாந்தினி, யாருக்குத் தெரியப்போகுது? அவங்க பொய்தானே சொல்றாங்க?" என்றேன்.

"அதை நாங்கள் இன்னும் நிரூபிக்கேல்லையே அண்ணை. பிழை விட்டது நாங்கள். நாங்கள் சொல்லாட்டி வேற ஆர் சொல்லுறது?"

திருத்தத்தை ஒலிபரப்பும் முன் என்னையும் இழுத்துக்கொண்டு பாபகூராவுக்கு ரயிலேறினார். மாலதி வாசலிலேயே நிற்க வைத்துக் கேட்டார்.

"அப்ப என்ர தம்பி கல்லெறிஞ்சவன் எண்டே சொல்லப்போறியள்?"

"இல்லை. எங்களுக்கு இன்னும் தெரியாது எண்டு சொல்லப்போறன்."

கதவு சாத்தப்பட்டது. திரும்பும் வழியெல்லாம் நான் பொருமிக்கொண்டே வந்தேன். சாந்தினி ஜன்னல் பக்கம் திரும்பி அழுதார்.

திருத்தத்தைக் கேட்ட அரச ஆதரவாளர்கள் எங்களைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். மூன்றாம் நாள், சம்பவம் நடந்த தெருவிலிருந்து ஒரு பேக்கரிக்காரர் அழைத்தார். "தங்கட பிழையைத் தாங்களே சொல்லுற ஆக்கள் எண்டபடியால்தான் உங்களிட்டத் தாறன்" என்று தன் கடைக் கேமராவின் பதிவை அனுப்பினார். முதல் வெடி கேட்கும்வரை கூட்டம் உட்கார்ந்தேதான் இருந்தது. ஒரு கல்கூடப் பறக்கவில்லை. சாந்தினி நாற்காலியைத் தள்ளிவிட்டுக் குதித்தார். நானும் என் மூட்டுவலியை மறந்து குதித்தேன். அடுத்த அரச அறிக்கையில் கல்லெறிதல் காணாமல் போயிருந்தது. அன்று மாலை மாலதி கராஜுக்கே வந்து சாந்தினியைக் கட்டிக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை.

அதன் பிறகு எங்கள் நிகழ்ச்சி ஒவ்வொரு வாரமும் எங்கள் பிழைகளோடுதான் தொடங்கியது. பிழையில்லாத வாரத்தில் சாந்தினிக்குச் சந்தேகம் வந்துவிடும். "வடிவாத் தேடுங்கோ அண்ணை, இருக்கும்" என்பார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இந்தப் பழக்கத்தைத்தான். சாந்தினி போன பிறகு இந்த வாரம்தான் முதல் தடவையாக மைக் முன் உட்கார்ந்தேன். எங்கள் பிழையிலிருந்தே தொடங்கினேன்: "சாந்தினி குணமாகி வருகிறார், விரைவில் உங்களோடு பேசுவார் என்று சென்ற வாரம் சொல்லியிருந்தோம். அது தவறான செய்தி."