தமாவும் தம்மும்

ஹைதராபாத் பேகம்பேட்டில் நான் வேலை பார்த்த மென்பொருள் அலுவலகத்தில் திறக்கிற ஜன்னல் ஒன்றுகூடக் கிடையாது. மூன்றாம் மாடி, சுற்றிலும் கண்ணாடி. உள்ளே இருக்கிற காற்றையே ஏசி திரும்பத் திரும்பச் சுற்றவிடும். எங்கள் மேனேஜர் தன் அறையில் உட்கார்ந்து இழுத்துவிடும் புகை பத்து நிமிடத்தில் என் மேசைக்கு வந்து சேரும். அவரிடமிருந்து மெயில்கூட அத்தனை சீக்கிரம் வந்ததில்லை.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, இன்ஹேலர் இருக்கும். "இடத்தை மாத்துங்க, இல்லைன்னா வேலையை மாத்துங்க" என்று டாக்டர் சொன்னார். பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர் அதை 'வேலையை விடு' என்று காதில் வாங்கிக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு காரணத்துக்குத்தான் அவர் காத்திருந்தார். ஆறு இன்டர்வியூவில் தோற்று ஏழாவதில் வாங்கிய வேலை அது. யாரோ ஊதித் தள்ளுகிற புகைக்காக அதை விடுவதாக இல்லை.

இரண்டாயிரத்து எட்டில், காந்தி ஜெயந்தியன்று, அலுவலகங்களிலும் பொது இடங்களிலும் புகைபிடிக்கக் கூடாது என்ற விதி நாடு முழுக்க அமலுக்கு வந்தது. நான் அசட்டுத்தனமாகச் சந்தோஷப்பட்டேன். வீட்டில் கேசரிகூடக் கிளறினேன்.

எங்கள் ஆட்கள் அந்த விதியை ஒரு வாரத்தில் ஜீரணம் செய்துவிட்டார்கள். காபி மெஷினுக்குப் பின்னால் ஒரு பால்கனி உண்டு. அதற்குக் கூரை இல்லை. கூரை இல்லாததால் அது அலுவலகம் இல்லை. அலுவலகம் இல்லாததால் சட்டமும் இல்லை. வெளிநாட்டு வங்கிக்கு மென்பொருள் எழுதும் மூளைகள் மூன்று நாள் கூடிப் பேசிக் கண்டுபிடித்தது இது. சாத்தினால் வெளியிலிருந்து திறக்க முடியாத கதவு என்பதால் அதற்குத் தண்ணீர் கேனை முட்டுக் கொடுத்துத் திறந்தே வைத்தார்கள். மொத்தப் புகையும் உள்ளேதான் வந்தது. கதவுக்குப் பக்கத்துச் சுவரில் 'புகைபிடித்தல் குற்றம்' என்று பலகை. யாரிடம் புகார் சொல்ல வேண்டும் என்பதையும் அதில் எழுத வேண்டுமாம். எழுதியிருந்தார்கள். மேனேஜரின் பெயர்.

நான் நிர்வாக சூப்பர்வைசரிடம் போனேன். பழைய ஹைதராபாத்துக்காரர், தக்கனி உருது பேசுபவர், நல்ல மனிதர். எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, லிஃப்ட் பக்கமாக ஒரு இடம் வேண்டும் என்றேன். "ஃபிக்கர் நக்கோ மேடம்" என்று என் கவலையைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டு நேராக மேனேஜர் அறைக்குப் போனார். அவர் பேசியது எனக்கும் கேட்டது.

"சாப், மேடம் கோ தமா ஹை. தம் கி பீமாரி."

தமா என்றால் அவர்கள் பேச்சில் ஆஸ்துமா. தம் என்றால் மூச்சு, பீமாரி என்றால் வியாதி. மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர். ஏழு வருஷம் ஹைதராபாத்தில் குப்பை கொட்டியும், பிரியாணிக்கடையில் கேட்டு வாங்குவதற்கு மேல் அவருக்கு ஒரு வார்த்தை வராது. தம் என்றால் அவருக்கு ஒரே பொருள்தான். நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பொருள்.

திங்கட்கிழமை என் கம்ப்யூட்டர் பால்கனிக் கதவை ஒட்டிய மேசையில் இருந்தது. மேனேஜர் சிகரெட்டும் கையுமாகக் கதவருகே வந்து நின்று குரலைத் தாழ்த்தினார்.

"ஏனுங் அம்மிணி, இதுக்குப் போயி கூச்சப்படலாமுங்களா? நானென்ன பழைய காலத்து ஆளா? பொம்பளைங்க தம் அடிச்சா என்ன தப்பு? எந்திரிச்சா பால்கனி. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் விட்ட புகை உள்ளே போய் இருமல் பிடித்துக்கொண்டது. கண்ணில் தண்ணீர் வர இருமினேன்.

"பார்த்தீங்களா," என்றார் அக்கறையாக. "கொஞ்சம் கொறைச்சுக்கோங்க."

மூச்சு திரும்பியதும் சொன்னேன். "சார், நான் சிகரெட்டத் தொட்டதே இல்ல. எனக்கு ஆஸ்துமா. தமான்னா ஆஸ்துமா."

அவர் சிரித்த சிரிப்பில் அவருக்கே இருமல் வந்தது. ஒரு வாரம் முழுக்க அலுவலகத்தில் அதுதான் பேச்சு. லிஃப்டில் முன்பின் தெரியாதவன்கூட என்னிடம் தீப்பெட்டி கேட்டான். இடம் மட்டும் மாறவில்லை. கேபிள் போட்டாகிவிட்டதாம், திரும்பப் பிடுங்க முடியாதாம். மூச்சு முட்டியதைவிட, என் வியாதியை வைத்து இவர்கள் சிரித்ததுதான் எனக்கு அதிகம் வலித்தது.

பலகையில் சொன்னபடி எழுத்துமூலமாகப் புகார் கொடுத்தேன். புகைபிடிப்பவர் மேனேஜர், புகாரைப் பெறுபவரும் மேனேஜர். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"நீங்க சொல்றது நியாயந்தானுங்க. என்னையப் பத்தின புகார நானே வாங்கறது சரியில்ல. நடவடிக்கை எடுக்கறேன்."

இரண்டே நாளில் எடுத்தார். பழைய பலகையைக் கழற்றிவிட்டுப் புதியது மாட்டினார்கள். புகார் அளிக்க வேண்டிய நபர் என்ற இடத்தில் என் பெயர்.

மறுநாள் காலை அவர் கதவருகே வந்து பலகையைத் திருப்தியாகப் பார்த்தார். கூட இன்னும் இரண்டு பேர்.

"ஏதாச்சும் புகார் வந்துச்சுங்களா அம்மிணி?"

எனக்கு அப்போதுதான் இழுக்க ஆரம்பித்திருந்தது. இன்ஹேலர் வாயில் இருந்தது. மருந்தை உள்ளே இழுத்துப் பிடித்திருந்ததால் பேச முடியவில்லை.

"ஒண்ணும் இல்லைங்கறாங்க" என்று மற்ற இருவருக்கும் சொல்லிவிட்டுப் பற்றவைத்தார்.

அந்த மாதமே வேலையை விட்டேன். வீட்டுக்காரர் மட்டும் சந்தோஷத்தை மறைக்கப் படாதபாடு பட்டார். விலகும் படிவத்தில் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் ஒரே ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தேன்: தம். மேனேஜர் படித்தாலும் சரி, சூப்பர்வைசர் படித்தாலும் சரி, அது உண்மைதான்.