மூன்றாவது கப்பல் கேசட்

அகமது மீரானுக்கு ஜப்பான் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. பேட்டையில் அவருடைய வீடியோ கேம் கடைக்கு வருகிறவர்களுக்கும் தெரியாது. துபாயிலிருந்து மச்சான் ஒவ்வொன்றாக அனுப்பிய கப்பல் விளையாட்டுக் கேசட்டுகள் மூன்றும் ஜப்பான் மொழி. அதனால் மீரானே படத்தைப் பார்த்துத் தமிழில் கதை சொன்னார். கேசட் வந்த வரிசையைத்தான் கதையின் வரிசையாக எடுத்துக்கொண்டார்.

முதலாவதில் அண்ணனும் தம்பியும் சண்டைக்குக் கப்பல் ஏறினார்கள். இரண்டாவதில் அண்ணன் கடலில் மூழ்கினான். மூன்றாவதில் அதே அண்ணன் தம்பிக்குத் துடுப்புப் போடக் கற்றுக்கொடுத்தான். கடல் அவனைத் திருப்பிக் கொடுத்துவிட்டது என்று மீரான் சொன்னார்.

தொழிற்பேட்டை ஆட்கள் வேலை விட்டு வந்ததும், எந்தக் கேசட்டின் கதை நல்ல கதை என்று வாக்குவாதம் தொடங்கிவிடும். பலர் இரண்டாவது என்பார்கள். லேத் பட்டறைக் குமரவேல் மட்டும் மூன்றாவதை விட்டு இறங்க மாட்டான்.

“ஏலே, செத்தவன் எப்படிலே வருவான்? பாய் நல்லா கதை விடுதாரு” என்று ஒருவன் சீண்டினான்.

“நீ ஆட்டத்தைப் பாருலே” என்றான் குமரவேல்.

அவனுடைய அண்ணன் நடராஜைத் தொண்ணூற்றிரண்டு வெள்ளத்தில் ஆறு கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை.

தொண்ணூற்றேழில் மச்சான் ஒரு இங்கிலீஷ் கேசட் அனுப்பினார். அதன் அட்டையில் மூன்றாவது கேசட்டில் இருந்த அதே படம். பக்கத்தில் பெரிதாக 1. மீரான் கடையைச் சாத்திக்கொண்டு, டிவியில் போட்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். அண்ணன் திரும்பி வரவில்லை. மூன்றாவது என்று சொல்லிவந்தது அவன் மூழ்குவதற்கு முந்தைய கதை.

கேசட்டை மீட்டர் பலகைக்குப் பின்னால் செருகினார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே பலகையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். தெரியாமல் சொன்னதுதானே, உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்றாள் மனைவி ஆபிதா பீவி. அந்தப் பையனின் அண்ணனை என் கையாலேயே மறுபடி முக்கச் சொல்லுகிறாயா என்று கேட்டார் மீரான்.

ஒரு மாலை கடை நிறைந்திருந்தபோது பியூஸ் போனது. மீரான் எழுவதற்குள் குமரவேல் ஸ்டூலில் ஏறி, பியூஸ் கம்பி தேடிப் பலகைக்குப் பின்னால் கையை விட்டான். இறங்கும்போது கையில் கேசட் இருந்தது. வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

“இது மொதப் பாகமா, பாய்?”

மீரான் ஆமென்று தலையை அசைத்தார்.

குமரவேல் மறுபடி ஏறி, பியூஸ் கம்பியை முறுக்கிப் போட்டான். டிவி மறுபடி ஓடியது. இங்கிலீஷ் கேசட்டை மீரானின் மேசையில் கவிழ்த்து வைத்தான்.

“எந்த நம்பர் போட்டிருந்தாலும் இதை ரெண்டுக்குப் பொறவே போடுங்க. அப்பதான் கதை நல்லாருக்கு.”

பழைய மூன்றாவதைச் செருகிவிட்டு உட்கார்ந்தான். திரையில் அண்ணன் வந்தான்.

“சொல்லுங்க, பாய்.”

மீரான் சொன்னார். கடை இருந்தவரை, அண்ணன் திரும்பி வரும் இடத்திலெல்லாம் அவர் குமரவேலின் முகத்தைப் பார்க்காமல், டிவியின் பின்னால் ஒயரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டுதான் சொன்னார்.