முதல் மணியிலேயே போனை எடுக்கிறவள்

துவக்கு விற்கிறவரிடம் எல்லாரும் சிரித்த முகத்தோடு போவார்கள். அந்தத் துவக்கின் வார் அறுந்த பிறகுதான் என்னிடம் வருவார்கள்.

டென்மார்க்கில், ஹோர்சன்சில் வேட்டைச் சாமான்கள் இறக்கி விற்கிற ஒரு கொம்பனியில், உத்தரவாதப் பகுதியில், போன வருசக் கடைசியில் இருந்து போன் எடுக்கிறேன். எங்களிடம் துவக்கு இல்லை. துவக்கைத் தோளில் கொழுவுகிற வார், அதைச் சுமக்கிற உறை, சுடும்போது காதுக்கு மாட்டுகிற மூடி, எல்லாவற்றுக்கும் மேலாகக் குறிபார்க்கப் பூட்டுகிற ஸ்கோப், அதாவது ஒரு சின்னத் தூரக்கண்ணாடி, இவைதான் எங்கள் சரக்கு. இதில் எது பழுதானாலும் பிழை என்னுடையது. வங்கியிலும் பஸ் கொம்பனியிலும் போன் எடுத்து ஏச்சு வாங்குகிற சக சீவன்களே, உங்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. பிள்ளையை நித்திரையாக்கிப்போட்டு, குசினி மேசையில் இருந்து உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

அனுபவம் உண்டா

நான் மன்னாரில் சிஸ்டர்மாரின் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அவர்கள் தந்ததில் மூன்று விசயம் இன்னும் என்னோடு இருக்கிறது: வடிவான கையெழுத்து, பெரியவர்கள் கதைத்தால் எழும்பி நிற்கிற பழக்கம், பொய் சொன்னால் சிவக்கிற காது. வேலைக்கு எடுக்க முன் முகாமையாளர் ஜென்ஸ் கோப்பி ஊற்றித் தந்துவிட்டு, "துவக்கில ஏதும் அனுபவம் இருக்கோ?" என்று கேட்டார்.

எங்கள் ஊரில் இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் ஒருவரும் கோப்பி தந்ததில்லை. சீருடை போட்டிருந்தார்கள். அதற்கு ஒரே ஒரு மறுமொழிதான் இருந்தது. அது தானாகவே வாயில் வந்தது: "இல்லை சேர், கண்டதேயில்லை சேர்." எழும்பி நின்று, இரண்டு கையும் தெரியக்கூடியதாக வைத்துக்கொண்டு சொன்னேன். உண்மையில் சத்தத்தை வைத்தே என்ன சாமான், எவ்வளவு தூரம் என்று சொல்லக்கூடியவள் நான். காது இரண்டும் கொதித்தன. நீ, நான் என்று கதைத்தே வளர்ந்த நாட்டில் வாழ்நாளில் ஒருவரும் சேர் என்று சொல்லிக் கேட்டிராத ஜென்ஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நல்லது. துவக்கு தெரிஞ்ச ஆக்கள் வாடிக்கையாளரோட வாதாடப் போயிடுவினம். நீ திங்கட்கிழமை வா."

முதல் மணி

தை மாதம் ஒரு ஞாயிறு அம்மா கடைசியாகக் கதைத்தா. வன்னிக்குள் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து தருமபுரம் வந்திருந்தா. ஆரோ ஒருவரின் சற்றலைட் போன், முன்னுக்கு நீட்டு வரிசை, ஒரு ஆளுக்கு ஒரு நிமிசம். அந்தப் போன் பகலில்தான் கிடைக்குமாம். பகலில் என் கைபேசி அலுவலகப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும். இவர், என் மனுசன், பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் நிற்பார், அங்கேயும் போனுக்குத் தடை. மகளோ குழந்தைகள் காப்பகத்தில். டென்மார்க்கில் பகல் முழுக்க நான் கையில் வைத்திருக்கிற ஒரே போன், வேட்டைக்காரர் ஏசுகிற போன். அந்த இலக்கத்தைத்தான் கொடுத்தேன். அம்மா ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னா. கடைசி இலக்கத்தைச் சொல்ல முன் லைன் அறுந்தது.

வாடிக்கையாளர் லைனில் சொந்தக் கதை கதைப்பது எங்கள் கொம்பனியில் பெரிய குற்றம். எனக்கோ இன்னும் தற்காலிக வேலைதான். ஆகவே ஒருவருக்கும் சொல்லவில்லை. மணி அடித்தவுடன் எடுத்தேன், அவ்வளவுதான். சாப்பாட்டு நேரத்திலும் எடுத்தேன். மற்றவர்களின் மேசையில் அடிப்பதையும் ஓடிப்போய் எடுத்தேன். அம்மா என்று சொல்ல வாயைத் திறந்துகொண்டே எடுப்பேன். மற்றப் பக்கத்தில் ஒரு ஆம்பிளைக் குரல், வார் அறுந்துபோச்சு என்று தொடங்கும். அப்பாடா என்றும் இருக்கும், அழுகையும் வரும். இரண்டையும் விழுங்கிக்கொண்டு ரசீது இலக்கம் கேட்பேன். பங்குனி மாதம் ஜென்ஸ் எல்லாரையும் கூப்பிட்டு, ஆர் எத்தனை மணி அடித்த பிறகு போன் எடுக்கிறார்கள் என்ற படத்தைச் சுவரில் ஒட்டினார். என் கோடு தனியாகக் கீழே கிடந்தது.

"றஞ்சினியைப் பாருங்கோ. வாடிக்கையாளரில அன்பு எண்டால் இப்பிடி இருக்கோணும்."

ஆயுட்கால உத்தரவாதம்

எங்கள் விலை கூடின ஸ்கோப்புக்கு ஆயுட்கால உத்தரவாதம் உண்டு. ஆருடைய ஆயுள் என்று தாளில் எழுதவில்லை. ஒருநாள் ஒடென்சேயில் இருந்து வயதான பெண்மணி ஒருவர் எடுத்தார். கணவரின் ஸ்கோப்பில் குறிக்கோடு சரிந்துவிட்டதாம். உத்தரவாதம் வாங்கினவருக்கு மட்டும்தான் என்றபடியால், அவர் கதைக்க முடியுமா என்று பணிவாகக் கேட்டேன். அது கஷ்டம், அவர் தேவாலயத்துக்குப் பின்னால் கிடக்கிறார் என்றார்.

சிஸ்டர்மார் பழக்கினபடி எழும்பி நின்று அனுதாபம் சொன்னேன். ஆத்தும இளைப்பாற்றிக்குச் செபிக்கிறேன் என்றும் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அந்தப் பெண்மணிக்கு அது தேவைப்படவில்லை. கணவர் வேட்டைக்குப் போன நாட்களில் தான் எவ்வளவு நிம்மதியாக இருந்தேன் என்று கொஞ்ச நேரம் சொன்னார். இப்போது அந்தத் துவக்கை மருமகன் கேட்கிறானாம். கோடு சரியாக இருந்தால் அவனும் சனி, ஞாயிறு வீட்டில் நிற்கமாட்டான், மகள் நிம்மதியாக இருப்பாள். நான் வாங்கினவருக்கு மட்டும் என்ற விதியை வாசிக்கத் தொடங்க, அவர் மறித்தார்.

"அவர் செத்தது மார்கழியில. கோடு சரிஞ்சது கார்த்திகையில. அப்ப அவர் நல்ல சுகமா, வாயும் காட்டிக்கொண்டுதான் இருந்தவர்."

மேசைக்குக் கீழே

காதுமூடிகளில் ஒரு புது வகை உண்டு. பக்கத்தில் நிற்கிறவர் கதைப்பது கேட்கும். வெடிச் சத்தம் மட்டும் கேளாது. அப்படித்தான் பெட்டியில் எழுதியிருக்கிறது. ஒரு ஆள் எடுத்து, தன்னுடையதில் வெடிதான் கேட்குது, மனுசி கதைக்கிறது கேட்கேல்லை என்றார். சிலருக்கு அதுவே போதுமே என்று நினைத்தேன், சொல்லவில்லை. ஒழுங்குப்படி, எந்தச் சூழ்நிலையில் பழுது தெரிந்தது என்று கேட்டேன். அந்த மனிசன் நின்றது சுட்டுப் பழகுகிற வெளியில் என்று எனக்குத் தெரியாது. கொஞ்சம் பொறு, காட்டுறன் என்றார்.

வெடித்தது. எனக்கு அடுத்ததாக ஞாபகம் இருப்பது மேசையின் அடிப்பலகை. காதில் ஹெட்செட், கையில் பேனை, மடியில் படிவம். மேலே வர உடம்பு மாட்டேன் என்றது. ஆனால் தொடங்கின படிவத்தை இடையில் விடக்கூடாது என்று படித்தவள் நான். ஆகவே அங்கேயே இருந்து பெயர், விலாசம், வாங்கின திகதி எல்லாம் வடிவான கையெழுத்தில் நிரப்பினேன். பக்கத்து மேசை கியர்ஸ்டன் குனிந்து பார்த்தா. ஐம்பது வயது தாண்டின, வாய் அதிகம் திறக்காத மனுசி அவ. அடுத்தநாள் காலை என் மேசைக்குக் கீழே ஒரு சின்ன மெத்தை கிடந்தது.

"வேட்டைக் காலம் நீளம். நிலம் குளிரும்."

கண்ணாடிக் கொம்பனி

எங்கள் சனத்துக்கு நான் சொன்னது, கண்ணாடிக் கொம்பனியில் வேலை என்று. அந்த நாட்களில் துவக்கு என்ற சொல்லை வாயில் எடுக்கவே பயம். போனில் பயம், கோயிலில் பயம், கனவிலும் பயம். அதோடு ஸ்கோப்பும் கண்ணாடிதானே என்று மனச்சாட்சியைச் சமாளித்தேன். காது சம்மதிக்கவில்லை. ஞாயிறு பூசை முடிய ஜெசிந்தா அக்கா பிடித்துக்கொண்டா. அவவின் கணவருக்குப் பார்வை சரியில்லையாம், வேலை செய்கிற ஆளுக்கு விலையில் கழிவு தருவார்கள்தானே, ஒரு சோடி எடுத்துத் தா என்றா. மூன்று ஞாயிறு சாட்டுச் சொன்னேன். நாலாம் ஞாயிறு கணவரின் கண் பரிசோதித்த தாளையே கொண்டுவந்து கையில் வைத்தா.

மகளைத் தூக்கிக்கொண்டு, அக்காவை மூலைக்குக் கூட்டிப்போய், அவவின் காதுக்குள் உண்மையைச் சொன்னேன். துவக்குக்குப் பூட்டுகிறது அக்கா, தூரத்தில் நிற்கிற மானைக் கிட்டவாகக் காட்டும் என்றேன். குருசு போடுவா என்று பார்த்தேன். அவ தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தா.

"அப்ப என்ரை மனுசனுக்கு அது தேவையில்லையடி. தூரத்தில நிக்கிற பொம்பிளையளை அவருக்கு இப்பவும் நல்லாத் தெரியுது. பக்கத்தில நிக்கிற என்னைத்தான் தெரியுதில்லை."

ஸ்கோப்புக்குள் புகார்

வைகாசி நடுவில் இங்கே ஆண்மான் வேட்டை தொடங்கும். அதே நாட்களில்தான் அங்கே சண்டை முடிந்தது என்று செய்தி வந்தது. முடிந்தது என்றார்கள், ஆர் ஆர் மிச்சம் என்று ஒருவரும் சொல்லவில்லை. இவர் இரவிரவாகப் பெயர்ப் பட்டியல்கள் தேடினார். நான் பகல் முழுக்க, மான் தப்பினதற்குக் காரணம் கேட்டு எழுதினேன்.

இரண்டாம் கிழமை ஒரு காலை, ஹொல்ஸ்டெப்ரோ பக்கத்து விவசாயி ஒருவர் எடுத்தார். ஸ்கோப்புக்குள் புகார் பிடித்து, கண்ணாடி பனிமூட்டம்போல மங்கி, வருசத்தின் முதல் மான் போய்விட்டதாம். புதுசு வேணும் என்று நின்றார். புகார் கண்ணாடிக்கு உள்ளேயா வெளியேயா என்று கேட்டேன். உள்ளே என்றார். படிவத்தில் அடுத்த கேள்வி, கண்ணாடியில் உங்கள் மூச்சுப் பட்டிருக்கலாமா என்பது. தான் உயிரோடு இருக்கிற ஆள், மூச்சு விட்டுத்தான் இருப்பேன் என்றார். இப்படி நாங்கள் இழுபறிப்பட்டுக்கொண்டிருக்க, கியர்ஸ்டன் தன் ஹெட்செட்டைக் கழற்றிக் கையில் பிடித்தபடி எனக்கு முன்னால் வந்து நின்றா. லைனில் ஒரு அம்மா, உன்ரை பேரை மட்டும் திருப்பித் திருப்பிச் சொல்லுறா என்றா.

நான் எழும்பி நின்றேன். விவசாயியிடம், மன்னிக்கோணும், என்ரை அம்மாவாய் இருக்கலாம், மாதக்கணக்காய் உயிரோட இருக்கிறாவோ எண்டு தெரியாது என்று, எந்தப் படிவத்திலும் இல்லாததைச் சொன்னேன். அவரைக் காத்திருக்க வைத்துவிட்டுக் கியர்ஸ்டனின் மேசைக்கு ஓடினேன்.

அம்மாதான். வவுனியாவில் முகாமில் நிற்கிறா. ஆரோ ஒளித்து வைத்திருக்கிற கைபேசி. காலில் காயம், ஆனால் நடக்கிறாவாம். பேத்தி சோறு சாப்பிடுகிறாளா என்று கேட்டா. பிறகு, போன் முதலில் எடுத்த பிள்ளை ஏதோ பாசையில் சொல்லிச் சொல்லிப் பாட்டுப் போட்டது, நல்ல பிள்ளை, நானும் ஓம், ஓம் எண்டு சொல்லிக்கொண்டு நிண்டனான் என்றா. அது காத்திருக்கச் சொல்கிற இயந்திரம் அம்மா என்று தொடங்கினேன். அம்மா இடையில் மறித்தா: "இவ்வளவு நேரமா ஆரோடையடி கதைச்சுக்கொண்டிருந்தனி?" முகாமுக்குப் போகிற போனில் துவக்கு என்று எப்படிச் சொல்வது? மான்காரரோடை அம்மா என்றேன். "மானோ?" என்றா. அத்தோடு அறுந்தது.

நிமிர்ந்து பார்த்தால் ஜென்ஸ் வாசலில் நிற்கிறார். வேலை போச்சு என்று நினைத்தேன். கியர்ஸ்டன் அவரைத் திரும்பியும் பாராமல், வெளிநாட்டு வாடிக்கையாளர், அவசர முறைப்பாடு, தீர்ந்துபோச்சு என்று சொல்லிவிட்டுத் தன் கதிரையில் இருந்தா. அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு என் காதுகளைப் பார்த்தார், திரும்பித் தன் அறைக்குப் போனார். நான் என் மேசைக்கு வந்து ஹெட்செட்டை மாட்டினேன். விவசாயி வைத்துவிட்டிருப்பார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. அவருக்குப் பின்னால் ஒரு ட்ராக்டர் உறுமிக்கொண்டு நின்றது. என்ன ஆச்சு என்று கேட்டார். உயிரோட இருக்கிறா என்றேன். ட்ராக்டர் நின்றது.

"சரி. அந்தப் படிவத்தைக் கிழிச்சுப் போடு. கண்ணாடியில ஒரு பழுதும் இல்லை, மான் முன்னாலதான் நிண்டது, எனக்குக் கை நடுங்கினது."

ஆகவே சக சீவன்களே, டென்மார்க்கில் ஒரு வேட்டைக்காரன் பிழை தன்னுடையது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டுமென்றால், உலகத்தின் மற்றப் பக்கத்தில் ஒருத்தியின் அம்மா உயிரோடு அகப்பட வேண்டியிருக்கிறது.