எங்கள் அபார்ட்மெண்டின் அமெரிக்கா

இன்று காலை பீர்க்கன்கரணையில் எங்கள் அபார்ட்மெண்ட் கூட்டம். மொட்டைமாடியில் சோலார் போடுவது பற்றித்தான் பேச்சு. அது உலகச் சண்டையாகிவிட்டது!

"நிலக்கரிய எரிச்சுப் பணக்காரனானது அமெரிக்கா. தலைக்குக் கணக்குப் பார்த்தா நாம விடுற புகை கம்மி. அதிகமா எரிச்சவன்தான் அதிகமா செலவு பண்ணணும்!" என்று மேசையைத் தட்டினார் செகரட்டரி சார்.

நான் கைதட்டினேன்.

அடுத்து அவரே, "சோலார் செலவு எல்லா வீட்டுக்கும் சமம்," என்றார்.

கீழ்த்தளத்து ஸ்டெல்லா அக்கா எழுந்தார். "சார், உங்க வீட்ல நாலு ஏசி. எங்க வீட்ல ரெண்டு ஃபேன். அப்போ இங்க அமெரிக்கா யாரு சார்?"

ஹாலே அதிர்ந்தது! செகரட்டரியும் சிரித்துவிட்டார். ஏசி கணக்குப்படி செலவைப் பிரிப்பதென்று முடிவானது.

அக்காவுக்கும் முதல் கைதட்டு என்னுடையதுதான். வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் என் மூன்று ஏசிகள் கண்ணில் பட்டன.

மூன்று ஏசி என்றால் எந்த நாடு? சொல்லுங்க மக்களே.