லினக்ஸ் அக்காவின் தனிக்குடித்தனம்

"மடியில வெச்சுப் பாப்பீங்களா, மெத்தையிலயா?" என்று கேட்டுக்கொண்டே அக்கா லேப்டாப்பைக் குப்புறக் கவிழ்த்து, முதல் திருகாணியைக் கழற்றி, மேசை மேல் இருக்கும் ரப்பர் செருப்பில் குத்துகிறார். அடுத்ததை அதற்குப் பக்கத்தில். லேப்டாப்பின் அடிப்பக்கத்தில் எந்த மூலையில் இருந்ததோ, செருப்பிலும் அதே மூலை. மேசை மேல் செருப்பா என்று வந்தவர் முகம் சுளிக்கிறார். "புதுச் செருப்புங்க. காலே பட்டதில்ல. இதுக்குன்னே பெரிய சைஸா பாத்து வாங்கினது" என்கிறார் நிமிராமல். ஒற்றைச் செருப்பு விற்கமாட்டேன் என்று கடைக்காரர் சொல்லிவிட்டாராம். அதனால் ஜோடி இழுப்பறையில் இருக்கிறது. பெரிய லேப்டாப் வந்தால் அதுவும் மேசைக்கு வரும்.

"மெத்தையில எல்லாம் வைக்கிறதே இல்லீங்க" என்கிறார் வந்தவர். எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். அக்கா வாதாடுவதில்லை. அடிமூடியைத் திறந்து, சின்ன இடுக்கியால் ஃபேன் சந்திலிருந்து ஒரு கொத்துப் பஞ்சை உருவி, ஒரு காகிதத்தில் வைத்து அவர் முன்னால் நகர்த்துகிறார். தலையணை உறை என்ன நிறம் என்பதுகூட அதில் தெரிகிறது. "இது உங்களுதா பாருங்க" என்கிறார், தொலைந்த பொருளைக் கண்டெடுத்துக் கொடுக்கிறவர் போல. வந்தவர் வேறு எங்கோ பார்க்கிறார்.

கடை முதல் மாடியில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே. பலகையில் "லேப்டாப் பழுது பார்க்கப்படும். லினக்ஸும்" என்று எழுதியிருக்கும். அந்த ஒரு "உம்" போதாதா? தெருவுக்கே அவர் லினக்ஸ் அக்கா ஆகிவிட்டார். அவரைவிட வயதில் மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதில் மட்டும் அவருக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

ஊர் போகிற வழியில் விண்டோஸோடு போகாமல் லினக்ஸ் போட்டுக்கொண்டவர்கள் ஒரு தனி ரகம். மற்ற கடைகளுக்குப் போனால், "இதையெல்லாம் யாரு உங்களைப் போடச் சொன்னது?" என்று திட்டு வாங்கிக்கொண்டு வருவார்கள். கூடவே, "எல்லாத்தையும் அழிச்சு ஃபார்மட் பண்ணிடலாமா?" என்ற கேள்வியும் வரும். அந்தச் சொல்லைக் கேட்டால் அக்காவுக்குச் சுர்ரென்று ஏறும். "தலைவலின்னு போனா தலையையே எடுத்துடுவாங்களா? என்னன்னு பாக்கணும்ல? உக்காந்து பாக்கப் பொறுமை இல்லாதவன் எதுக்குங்க கடை தெறக்கிறான்?" என்று பொரிவார். கையில் ஸ்க்ரூடிரைவர் இருக்கும்போது அவரிடம் அந்தச் சொல்லைச் சொல்லாமல் இருப்பது நல்லது.

லேப்டாப் சூடாகித் தானே அணைந்துபோகிறது என்று வருகிறவர்களுக்கு அவர் ஒரு குடும்பக் கதை வைத்திருக்கிறார்.

"உள்ள சூடு பாத்துச் சொல்ல ரெண்டு பேரு இருக்காங்க. போர்டுல உக்காந்திருக்கிற சென்சார் ஒண்ணு, அது மாமியார். சிப்புக்குள்ளயே இருக்கிற சென்சார் இன்னொண்ணு, அது மருமக. அடுப்பு முன்னால நின்னு வேகறது மருமகதான். ஆனா ஃபேன் இருக்கே, அது புருஷன். அது யாரு பேச்சைக் கேக்கும்?"

வந்தவர் சிரித்துவிடுவார். கல்யாணம் ஆனவராக இருந்தால் கொஞ்சம் தாமதமாகச் சிரிப்பார்.

"அம்மா பேச்சைத்தான் கேக்கும். இந்த மாதிரி மெஷின்ல அப்படித்தான் வெச்சிருக்கான். அம்மாக்காரி 'சூடெல்லாம் ஒண்ணும் இல்லடா'ன்னு சொல்லிட்டா, நம்ம ஆளு சுத்தாம படுத்துக்குவாரு. மருமக தாங்கற வரைக்கும் தாங்கிட்டு, கடைசில மெயினையே அணைச்சிடுவா."

இதில் வேடிக்கை என்னவென்றால், அக்காவின் நிஜ மாமியார் பக்கத்திலேயே ஜன்னலோரம் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். பெயிண்ட் பிரஷ்ஷால் ஃபேன் இதழ்களைத் துடைத்துக் கொடுப்பது அவர் வேலை. காது கூர்மை, வாயும் நீளம். "என்ன, என் தலை உருளுதா?" என்பார். "இல்ல அத்தை, இது வேற வீட்டு மாமியார்" என்பார் அக்கா. "எந்த வீட்டுக் கதையா இருந்தாலும் தப்பு எங்க மேலதானே வரும்" என்றபடி அவர் ஒரு தூசியை ஊதி விடுவார். இருவரும் இப்படிப் பேசிக்கொள்வதைப் பார்த்துச் சண்டை என்று நினைத்துப் பயந்து படியிறங்கிப் போனவர்கள் உண்டு.

கணக்கு சாரின் லேப்டாப்பை அந்தக் கடைக்குக் கொண்டுபோகச் சொன்னது நான்தான். அவர் எனக்கு எதிர்வீடு. பயிற்சி நிலையத்தில் கணக்குப் பதிவியல் சொல்லிக் கொடுத்தவர். தொண்டையில் ஆபரேஷன் ஆனது. உயிர் மிஞ்சியது, குரல் மிஞ்சவில்லை. இப்போது அவர் தட்டச்சு செய்கிறார், லேப்டாப் பேசுகிறது. அடிக்கடி வேண்டிய வாக்கியங்களுக்கு ஒவ்வொரு பட்டன் வைத்திருக்கிறார். "புரிஞ்சுதா?" என்பதற்கு ஒன்று. "இதோ வரேன்" என்பதற்கு ஒன்று. "சண்டை போட்டாக்கூட 'விடும்மா'ன்னு ஒரு பட்டனை அமுக்கிட்டு உக்காந்திருக்காரு மனுஷன்" என்று அவர் மனைவி என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். குறைப்பட்டுக்கொள்ளவாவது முடிகிறதே என்ற நிம்மதி அந்த அம்மாவின் முகத்தில் இருந்தது.

பழைய பயிற்சி நிலையம் அவரை ஒரே ஒரு வகுப்பு ஆன்லைனில் எடுத்துக் காட்டச் சொல்லியிருந்தது. பிள்ளைகளால் பின்தொடர முடிந்தால் வேலை திரும்பக் கிடைக்கும். நடுவில் குரல் நின்றுபோனால் அவ்வளவுதான். இந்த நேரம் பார்த்து லேப்டாப் பாதிப் பேச்சில் பொட்டென்று அணையத் தொடங்கியது. வேறு லேப்டாப்புக்கு மாற்றலாமே என்றால், அந்தக் குரலையும் பட்டன்களையும் சார் மாதக்கணக்கில் உட்கார்ந்து தானே பழக்கியிருந்தார். அதை இன்னொன்றில் உட்கார்த்திப் பழக்க நாள் இல்லை.

முதல் தடவை அக்கா பஞ்சை எடுத்தார், சிப்பின் மேல் காய்ந்திருந்த பழைய வெப்பப் பசையைச் சுரண்டிப் புதுப் பசை தடவினார், ஓடவிட்டுப் பார்த்தார். திரையின் மூலையில் சார் ஒரு வெப்ப எண் தெரியும்படி வைத்திருந்தார். நாற்பத்தெட்டு. "ஜில்லுன்னு இருக்கு. எடுத்துட்டுப் போங்க" என்றார் அக்கா. வீட்டுக்கு வந்து சார் வகுப்பை ஒத்திகை பார்த்தார். வீடியோ, குரல், கணக்குத் தாள் எல்லாம் சேர்ந்து ஓடியதும், "ஆகவே இந்தத் தொகையை" என்று சொல்லிக்கொண்டிருந்த லேப்டாப் அந்த இடத்திலேயே செத்துப்போனது. சார் இருண்ட திரையைப் பார்த்தபடி வாயைத் திறந்தார். ஏதோ சொல்ல வந்தார். ஒன்றும் வரவில்லை. நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். அந்த வாயை என்னால் பார்க்க முடியவில்லை. கையில் கிடைத்த பையில் லேப்டாப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டேன்.

கடைக்குள் போகும்போதே எனக்குக் கோபம். "நாளைக்குக் காலைல வகுப்பு. நீங்கதானே எல்லாம் சரியாயிடுச்சுன்னீங்க?" என்றேன். அக்கா லேப்டாப்பை வாங்கி மேசையில் வைத்தார். செருப்பை முன்னால் இழுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, திருகாணியைக் கழற்றாமல், லேப்டாப்பைத் திறந்து கறுப்புத் திரையில் ஒரு கட்டளை அடித்தார். சிப்பின் எல்லா மூளைக்கும் முழு வேலை கொடுத்து ஓடவிட்டார். மாமியாரும் சேர்ந்து நாங்கள் மூவரும் திரையைப் பார்த்தோம். அக்கா கீபோர்டுக்கு மேல் உள்ளங்கையை வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்தார். "கொதிக்குது."

மூலையில் நாற்பத்தெட்டு.

"நீ தெறந்ததுல இருந்து பாக்கறேன், அந்த நம்பர் நாப்பத்தெட்டுலயே நிக்குதே" என்றார் மாமியார் பிரஷ்ஷை நீட்டி. "போன தடவையும் அதேதான் இருந்துச்சு. கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. செத்துகித்துப் போச்சா?"

அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார். இன்னொரு கட்டளை அடித்ததும் இரண்டு சென்சார்களும் ஒன்றன் கீழ் ஒன்றாக வந்தன. போர்டில் இருப்பது நாற்பத்தெட்டு. சிப்புக்குள் இருப்பது தொண்ணூற்றாறு, அதற்குமேல் ஏறிக்கொண்டும் இருந்தது. ஃபேன் கொட்டாவி விட்டபடி மெல்லச் சுற்றியது. அக்கா அவசரமாக எல்லாவற்றையும் நிறுத்தினார்.

"ஊருக்கெல்லாம் கதை சொல்றேன், நானே மாமியார் பேச்சை நம்பிட்டேன் பாருங்க" என்றார் என்னிடம். சமாளிக்காமல் சொன்னார். என் கோபம் பாதி இறங்கிவிட்டது.

போர்டு சென்சாரை மாற்ற முடியாதா என்றேன். அந்தப் பொருள் வந்து சேர நாளாகுமாம். சிப்பின் வேகத்தைக் குறைத்தால் சூடு வராதே என்றேன், எனக்கும் கொஞ்சம் தெரியும் என்று காட்டிக்கொள்ள. "கொறைக்கலாம். சார் குரல் திக்கும். பரவாயில்லையா?" என்றார். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

அவர் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். சின்ன நிரல்தான். திரையில் பாதிகூட நிறையவில்லை. சிப்பின் சூட்டை நொடிக்கு நொடி பார்த்துக்கொண்டே இருக்கும், அதற்கேற்ப ஃபேனை நேராக விரட்டும். போர்டு சென்சார் என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாது. மறுபடி முழு வேலை கொடுத்து ஓடவிட்டார். ஃபேன் கிடுகிடுவென்று எழுந்து இரைந்தது. சிப்பின் எண் எண்பதுக்குப் பக்கத்தில் வந்து அடங்கி நின்றது.

"தனிக்குடித்தனம் வெச்சாச்சு" என்றார் அக்கா. "இனிமே அவன் பொண்டாட்டி பேச்சை மட்டும்தான் கேப்பான்."

"எல்லா வீட்லயும் அதுதானே நடக்குது" என்றார் மாமியார், அடுத்த ஃபேனை எடுத்துக்கொண்டே.

மறுநாள் காலை சாரின் வீட்டுக்கு நான் போனபோது அக்கா எனக்கு முன்பே வந்திருந்தார். கடையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறார். "சும்மா, எப்படி ஓடுதுன்னு பாத்துட்டுப் போலாம்னு" என்றார். தன் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, கேமராவில் தெரியாதபடி மேசைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்தே நெட் வழியாகச் சாரின் லேப்டாப்புக்குள் போய், சூட்டின் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாரின் லேப்டாப் இரண்டு தடித்த புத்தகங்களின் மேல், அடியில் காற்றுப் போக இடைவெளி விட்டு இருந்தது. சார் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியிருந்தார். அவர் மனைவி சமையலறை வாசலில் நின்றார். உள்ளே வரவுமில்லை, போகவுமில்லை.

வகுப்பு தொடங்கியது. திரையில் சின்னச் சின்ன முகங்கள். அவற்றில் ஒன்று பயிற்சி நிலையத்தின் முதல்வர் அம்மாள். சார் அடித்தார், லேப்டாப் பேசியது, பிள்ளைகள் எழுதினார்கள். கணக்குத் தாளைத் திறந்ததும் சூடு ஏறியது. ஃபேன் சொன்னபடி எழுந்து இரைந்தது. குரல் அதற்குள் முங்கியது.

"சார், அங்க மழையா?" என்றான் ஒரு பையன். இரண்டு பேர் சிரித்தார்கள்.

"சார், உங்க குரல் எங்களுக்குக் கேக்கல. ஏதோ இரைச்சல் வருது" என்றார் முதல்வர் அம்மாள். "இப்படின்னா பிள்ளைங்களுக்குக் கஷ்டம் சார்."

சாரின் விரல்கள் கீபோர்டின் மேல் அப்படியே நின்றுவிட்டன. அவர் மனைவி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.  குணமாக்கப் போய் நாமே கெடுத்துவிட்டோமே என்று எனக்கு இருந்தது.

அக்கா தன் மடியிலிருந்த லேப்டாப்பில் ஏதோ அடித்தார். ஃபேன் பாதியாகத் தணிந்தது. அறை அமைதியானது. "இப்ப கேக்குது சார், சொல்லுங்க" என்றார் முதல்வர் அம்மாள். சார் அடிக்கத் தொடங்கினார். ஆனால் அக்காவின் திரையில் எண் ஏறத் தொடங்கியிருந்தது. எண்பத்தைந்து. எண்பத்தெட்டு. அக்கா அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு பரீட்சை அட்டை கிடந்தது. எட்டி எடுத்தார். தரையில் முட்டி போட்டு நகர்ந்து, கையை மேசை உயரத்துக்குத் தூக்கி, புத்தகங்களுக்கு நடுவில் இருந்த அந்த இடைவெளிக்குள் வீசத் தொடங்கினார். சத்தமே இல்லாமல், ஒரே சீராக. எண் தொண்ணூற்றொன்றில் நின்று, யோசித்து, ஒன்றொன்றாக இறங்கியது.

சார் தேய்மானப் பாடம் நடத்தினார். தேய்மானத்துக்கு ஒரு நகைச்சுவை சொன்னார். லேப்டாப்பின் தட்டைக் குரலில் அது இன்னும் நன்றாக இருந்தது. மழை கேட்ட பையன் சந்தேகம் கேட்டான். அதே சந்தேகத்தை இன்னொருத்தி வேறு மாதிரி கேட்டாள். சாரின் மனைவி குனிந்து வந்து அட்டையை வாங்கக் கை நீட்டினார். அக்கா எண்ணிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை மட்டும் ஆட்டினார்.

கடைசியில் முதல்வர் அம்மாள் சொன்னார்: "திங்கக்கிழமைல இருந்து வந்துடுங்க சார். அதாவது, வீட்ல இருந்தே." முகங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. சாரின் மனைவி தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன், சொன்னால் என்ன?

சார் தரையில் இருந்தவரைப் பார்த்தார். பட்டன் எதையும் தொடவில்லை. ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். லேப்டாப் சொன்னது: "போதும்மா. வகுப்பு முடிஞ்சுடுச்சு. எழுந்திரிங்க."

"இருங்க சார், இன்னும் சூடு இறங்கல" என்ற அக்கா, அட்டையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வீசினார்.