நான் அழித்த ஏழு புள்ளிகள்

சென்ற தவக்காலத்தில் நம் கோயிலில் நான் ஒரு சாட்சி சொன்னேன். அது பொய். அதைத் திருத்தவே இதை எழுதுகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

நான் கொட்டாஞ்சேனைக்காரி. என் முனைவர் பட்டத்துக்காக, டொபோலஜி என்ற வடிவக் கணிதத்தை வைத்து, புற்றுநோயில் மரபணு மாற்றங்கள் எந்த வழியாக, எந்த வரிசையில் வருகின்றன என்று ஆராய்கிறேன். ஒவ்வொரு நோயாளியும் ஒரு புள்ளி. ஒத்த மாற்றங்கள் உள்ள புள்ளிகளை இணைத்துப் படம் வரைந்தால் ஒரு பாதை தெரிய வேண்டும். மூன்று வருடமாக எனக்குத் தெரியவில்லை. ஒன்பது செவ்வாய்க்கிழமை நவநாள் ஜெபம் வைத்து, ஆண்டவரே, ஒரு நேரான பாதையைத் தாரும் என்று அழுதேன்.

ஏழு புள்ளிகள் எதிலும் ஒட்டாமல் நின்றன. அப்படியானவற்றை இரைச்சல், அதாவது பிழையான தரவு, என்று நீக்கலாம், ஆனால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும். நான் எழுதாமலே அழித்தேன். பாதை நேராக வந்தது. அதைக் கட்டுரையாக எழுதி ஆய்விதழுக்கு அனுப்பினோம். அந்தப் படத்தைக் காட்டி, கடவுள் செவிசாய்த்தார் என்று உங்கள் முன் சொன்னேன். கைதட்டினீர்கள்.

பூசை முடிந்து ரீட்டா அன்ட்டி வந்தார். அவருடைய மகன் ஜூட் பொரளை ஆஸ்பத்திரியில் புற்றுநோயால் இறந்தவன். என் தரவும் அங்கிருந்துதான் வருகிறது.

"மகள், ஆராய்ச்சிக்கு எண்டு அவன்ட கட்டியில ஒரு துண்டு எடுத்தவை. நான்தான் கையெழுத்து வெச்சனான். உங்கட படத்தில அவனும் இருக்கிறானோ?"

"ஓம் அன்ட்டி, இருக்கிறான்" என்றேன்.

தரவில் பெயர்கள் இருக்காது. அந்த ஏழில் அவனும் ஒருவனாக இருந்திருக்கலாம். அன்ட்டி என் கையை முத்தமிட்டார். உடம்பெல்லாம் கூசியது.

அதன்பின் ஜெபிக்க வாய் வரவில்லை. உண்மையைச் சொல்லத் தைரியம் தாரும் என்று மட்டும் கேட்டேன். மூன்றாம் நாள், என் ஆய்வை வழிநடத்தும் பேராசிரியரின் கதவைத் தட்டினேன். முழுவதையும் சொன்னேன். அது என் பலமில்லை. அவர் திட்டினார். கட்டுரையைத் திரும்பப் பெற்றோம். ஏழு புள்ளிகளையும் சேர்த்தபோது பாதை ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்தது. அந்தக் கிளை சரிதானா என்று இன்னும் தெரியாது. என் பட்டம் தள்ளிப்போய்விட்டது.

பிறகு ஜிந்துப்பிட்டியில் அன்ட்டியின் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏன் மகள் அழிச்சனீங்க?"

"நேரா வரோணும் எண்டு, அன்ட்டி."

"இப்ப?"

"இப்ப ஒருத்தரையும் அழிக்கேல்ல. எல்லாரும் இருக்கினம்."

அன்ட்டி அழுதார். என்னைப் போகச் சொல்லவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை.

அன்பானவர்களே, நேரான பாதையைக் கேட்டபோது ஆண்டவர் பேசாமல் இருந்தார். உண்மைக்குத் தைரியம் கேட்டபோது மூன்றே நாளில் தந்தார். நன்றி ஆண்டவரே. நீங்களும் எதையாவது மறைத்து வைத்திருந்தால் அவரிடம் கேளுங்கள். வெட்கம் போகாது. ஆனால் வாய் திறக்கும்.